பொடி கொட்டும் பழைய அலமாரி: மருந்தைத் தொடுவதற்கு முன்னும் பின்னும்

ஆயா வீட்டுத் தேக்கு அலமாரி கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து மூன்றாம் நாள். காலையில் கூட்டும்போது பார்த்தால், அதன் பின்காலடியில் கோலமாவு சிந்தியது போல ஒரு சின்னக் குவியல். கூட்டித் தள்ளினேன். மறுநாளும் இருந்தது. வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. "உளுத்துப் போச்சு, மத்த சாமானுக்கும் பரவும், முதல்ல வெளிய போடு" என்றார்கள். பூச்சி மருந்து அடிக்கும் ஒருவர் வந்து இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, அறை முழுக்க மருந்து அடிக்க வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார்.

பக்கத்துத் தெரு ஆசாரி மட்டும் அவசரப்படவில்லை. எல்லா டிராயரையும் உருவிக் கவிழ்த்தார். காலின் அடிப்பக்கத்தை நகத்தால் சுரண்டினார். ஓட்டைகளை டார்ச் அடித்துப் பார்த்தார். "தம்பி, காலில் இருக்கறது பழைய ஓட்டை. வண்டியில குலுங்கி வந்ததுல உள்ள கிடந்த பொடி கொட்டுது. உங்க பூச்சி இங்க இருக்கு பாருங்க" என்று பின்பலகையைத் தட்டிக் காட்டினார். அந்தப் பலகை தேக்கே இல்லை. எப்போதோ பழுதுபார்த்தவர்கள் மாற்றிவைத்த ரப்பர் மரப் பலகை. நூறு வருஷத்துத் தேக்கை விட்டுவிட்டு, நேற்று வந்த பலகையில் குடியிருந்தது வண்டு.

அதற்கப்புறம் எங்கள் வீட்டிலும் உறவுக்காரர் வீடுகளிலும் பல சாமான்களைப் பார்த்துவிட்டேன். முதன்முறையாக இந்தப் பொடியைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்ன பூச்சி, உயிரோடு இருக்கிறதா, எந்தப் பலகையில் இருக்கிறது என்ற மூன்றும் தெரியாமல் மருந்து டப்பாவைத் திறக்காதீர்கள். பழைய சாமான்கள் வண்டால் கெடுவதைவிட அவசர வைத்தியத்தால் கெடுவதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

முதலில் பொடியைப் பாருங்கள்

பொடியைக் கூட்டித் தள்ளாமல் ஒரு கறுப்புக் காகிதத்தில் எடுத்துக்கொண்டு வெளிச்சத்துக்கு வாருங்கள். விரலால் தேயுங்கள்.

முகப்பவுடர் போல, மைதா போல வழுவழுப்பாக இருந்தால், அது மரத்தைப் பொடியாக்கும் சிறு வண்டு. அது போட்ட ஓட்டை வட்டமாக, ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில், குண்டூசித் தலை நுழையும்படி இருக்கும். இதன் பெரிய சொந்தக்காரன் ஒன்று உண்டு. அதன் ஓட்டை மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகும், பொடியும் கொஞ்சம் கரகரப்பாக இருக்கும், ஓட்டைக்குள் இறுக்கமாக அடைந்து கிடக்கும். ரப்பர் மரம், மாமரம், மூங்கில் எல்லாம் இந்த வண்டுகளுக்கு விருப்பமான தீனி.

பொடியாக இல்லாமல் கசகசா போலத் தனித்தனி மணியாக உருண்டால் அது வேறு கதை. லென்ஸ் வைத்துப் பாருங்கள், ஒவ்வொரு மணியும் ஆறு பக்கம் கொண்டதாக இருக்கும். அது உலர்மரக் கரையானின் எச்சம். மண்ணோடு தொடர்பே இல்லாமல், காய்ந்த மரத்துக்குள்ளேயே குடும்பம் நடத்தும் கரையான் இது. கடலோர ஊர்களின் ஈரக்காற்று இதற்கு நன்றாக ஒத்துப்போகும். புதுச்சேரியிலும் கடலூரிலும் பழைய சாமான் வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வண்டுக்குச் செய்யும் மேல்பூச்சு வைத்தியம் இதற்குப் போதாது. வெளியே பார்த்தால் ஒன்றிரண்டு ஓட்டைதான் தெரியும். உள்ளே பலகை கூடாகிப்போய், தட்டினால் காலிப் பெட்டி போலச் சத்தம் கேட்கும்.

சுவரிலிருந்தோ தரையிலிருந்தோ மண்குழாய் ஏறி வந்திருந்தால் அது சாதாரணக் கரையான், நாம் செல் என்று சொல்வது. அதற்கான வைத்தியம் வீட்டின் தரைக்கும் சுவருக்கும்தான். சாமானுக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை.

இணையத்தில் படிக்கும் ஆங்கிலக் குறிப்புகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவின் குளிர் வீடுகளில் வாழும் ஒரு வண்டைப் பற்றியவை. அதன் புழு மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை மரத்துக்குள் கிடக்கும். நம் ஊர் வெப்பத்தில் நம் வண்டு ஒரு வருஷத்துக்குள்ளேயே முட்டையிலிருந்து வண்டாகி வெளியே வந்துவிடும். அந்தக் கணக்கை நம்பி, பார்த்துக்கொள்ளலாம் என்று வருஷக்கணக்கில் விட்டுவிடாதீர்கள்.

உயிரோடு இருக்கிறதா

நாம் பார்க்கும் ஓட்டை பெரும்பாலும் வண்டு உள்ளே போன வழி இல்லை, வெளியே வந்த வழி. தாய் வண்டு மரத்தின் நுண்துளைகளில் முட்டையிடுகிறது. புழு உள்ளேயே தின்று வளர்கிறது. வண்டாக மாறியதும் மேல்பரப்பைத் துளைத்துக்கொண்டு பறந்துவிடுகிறது. ஆகவே ஓட்டை இருப்பதால் மட்டும் உள்ளே யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தமில்லை.

புது ஓட்டையின் விளிம்பு கூர்மையாகவும் உட்பக்கம் வெளிறியும் இருக்கும், அப்போதுதான் அறுத்த மரம் போல. பழைய ஓட்டையின் விளிம்பு மழுங்கி, உள்ளே அழுக்கும் பழைய பாலிஷும் படிந்து கறுத்திருக்கும். ஓட்டைக்குள் பாலிஷ் இறங்கியிருந்தால், கடைசியாகப் பாலிஷ் போட்ட நாளுக்கு முன்பே அந்த வண்டு போய்விட்டது.

இதோடு முடிவு செய்துவிடாதீர்கள். பழைய பொடி முழுவதையும் மென்மையான பிரஷ்ஷாலும் வாக்குவம் கிளீனராலும் எடுத்துவிடுங்கள். சாமானை அதற்குரிய இடத்தில் வைத்து, அடியில் கறுப்புக் காகிதம் விரியுங்கள். தெரிகிற ஓட்டைகளைச் சுற்றிப் பென்சிலால் மெல்லிய வட்டம் போட்டு, எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். பாலிஷ் இல்லாத பின்பக்கப் பலகையில் ஓட்டைகளின் மேல் பட்டம் செய்யும் மெல்லிய காகிதத்தை ஒட்டி வைக்கலாம். வண்டு வெளியே வந்தால் காகிதத்தில் ஓட்டை விழும். ஆறு வாரமாவது பொறுங்கள். அந்த நாட்களில் சாமானை நகர்த்தவோ குலுக்கவோ கூடாது. ஜன்னல் திட்டிலும் விளக்கடியிலும் செம்பழுப்பு நிறத்தில், அரிசிமணியைவிடச் சின்னதாக ஒல்லியான வண்டுகள் செத்துக் கிடக்கின்றனவா என்றும் பாருங்கள். அவை இரவில் வெளிச்சத்தைத் தேடி வரும்.

கசகசா மணி என்றால் இவ்வளவு நாள் வேண்டாம். சுத்தம் செய்த இடத்தில் மறுபடி மணி விழுந்தால் உள்ளே கூட்டம் இருக்கிறது.

எந்தப் பலகை

வண்டுக்கு வேண்டியது மரத்தில் இருக்கும் மாவுச்சத்து. அது மரத்தின் வெளிவட்டத்தில், வெளிர் நிறமாக இருக்கும் பகுதியில்தான் இருக்கிறது. நடுவில் இருக்கும் வைரத்தில் அதற்கு வேலை இல்லை. வைரம் பாய்ந்த கட்டை என்று நாம் சும்மா சொல்வதில்லை.

2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே தானே புயல் கரையேறியபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. எங்கள் மாமா சாய்ந்த பலா ஒன்றை அறுத்து ஒரு பெஞ்சு செய்தார். இன்றைக்கு அதைப் பார்த்தால் இந்த விஷயம் கண்ணெதிரே தெரியும். மஞ்சள் நிற வைரம் அப்படியே கல்லாக இருக்கிறது. ஓரத்தில் விட்டுவைத்த வெளிர் பட்டை மட்டும் சல்லடையாகி, கட்டைவிரலால் அழுத்தினால் பொரி போல நொறுங்குகிறது. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டாற்போல ஓர் எல்லை. வண்டு அதைத் தாண்டவே இல்லை.

தேக்கில் உளு விழாது என்று பலர் சொல்வார்கள். வைரத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரிதான். ஆனால் அந்தக் காலத்து ஆசாரிகளும் மரத்தை வீணாக்காமல், கண்ணுக்குத் தெரியாத இடங்களில் வெளிர் ஓரத்தை விட்டே அறுத்தார்கள். டிராயரின் அடிப்பலகை, பின்பலகை, காலின் உள்முனை, கட்டில் சட்டத்தின் கீழ்விளிம்பு ஆகிய இடங்களை முதலில் பாருங்கள். நிறம் வெளிறிய கோடு தெரிந்தால் நகத்தை வைத்து அழுத்துங்கள். அப்புறம், பிற்பாடு சேர்த்த எல்லாப் பாகங்களையும் சந்தேகப்படுங்கள். பிரம்பு நாற்காலியில் கட்டைச் சட்டத்துக்கு ஒன்றும் ஆகாமல் பிரம்பு மட்டும் பொடியாவதும் உண்டு. அப்போது பிரம்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் பின்னுவதுதான் மலிவான வழி.

பின்பலகை மட்டும்தான் நோயாளி என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எங்கள் அலமாரிக்கு அந்த ஒரு பலகையைக் கழற்றி, வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிட்டு, பழைய ஜன்னல் கதவிலிருந்து எடுத்த வைரத் தேக்கில் வேறு பலகை போட்டோம். மருந்தே தேவைப்படவில்லை.

பிரித்து வையுங்கள்

பூச்சி உயிரோடு இருக்கிறது என்று தெரிந்த சாமானை மற்ற மரச்சாமான்களிடமிருந்து தள்ளி வையுங்கள். சின்னது என்றால் கனமான பாலித்தீனில் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள். உள்ளே இருக்கும் துணி, காகிதம் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்.

குளிரும் சூடும்

அஞ்சறைப் பெட்டி, பல்லாங்குழி, சிறு மணை போன்றவற்றுக்கு மருந்தைவிட நல்லது ஃப்ரீசர். பாலித்தீன் பையில் போட்டு, காற்றைப் பிழிந்து இறுக்கமாக மூடி, கழித்தல் 18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது. ஒரு முழு நாள் விட்டு, அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லையென்றால் நம் ஊர்க் காற்றில் மரத்தின் மேல் தண்ணீர் வியர்த்துவிடும். கண்ணாடி பதித்தது, தஞ்சாவூர்ப் படம், வண்ணம் தீட்டிய பொம்மை ஆகியவற்றை ஃப்ரீசரில் வைக்காதீர்கள்.

சூடும் கொல்லும். மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரியை எட்டி அரை மணி நேரம் அங்கேயே நின்றால் புழு தப்பாது. உலகம் முழுக்கக் கப்பலில் போகும் மரப்பெட்டிகளுக்கு இந்த அளவுதான் விதி. சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டைமாடியில் உலக்கை, ஏணி, முரட்டு மணை ஆகியவற்றைப் பருத்தித் துணியால் சுற்றி, அதன் மேல் கறுப்புப் பாலித்தீன் போட்டுக் கட்டி வைத்தால் இதை எட்ட முடியும். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் வைத்துத்தான் செய்ய வேண்டும். பாலிஷ் போட்ட அலமாரியை மட்டும் வெயிலில் போடாதீர்கள். அரக்குப் பாலிஷ் கொப்புளிக்கும், வச்சிரம் என்ற பழைய மரப்பசை போட்டு ஒட்டிய மூட்டுகள் விட்டுக்கொள்ளும், அகலப் பலகைகள் வெடிக்கும்.

வெண்காரமும் போரிக் அமிலமும்

பாலிஷ் படாத வெறும் மரத்துக்கு நான் முதலில் கைநீட்டுவது இதைத்தான். வெண்காரம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். போரிக் அமிலம் மருந்துக் கடையில் கிடைக்கும், கேரம் பலகையில் தூவுகிறோமே, அதேதான். ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் 60 கிராம் வெண்காரம், 40 கிராம் போரிக் அமிலம் போட்டு முழுதாகக் கரையும் வரை கலக்குங்கள். கையுறை போட்டுக்கொண்டு, ஆறுவதற்குள் பிரஷ்ஷால் தாராளமாகப் பூசுங்கள். மரம் குடித்து முடித்ததும் இரண்டாம் முறை, மறுநாள் மூன்றாம் முறை. காய்ந்தபின் வெள்ளையாக உப்புப் பூத்தால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மூங்கிலைப் பக்குவப்படுத்துகிறவர்கள் பயன்படுத்துவதும் இந்தக் கலவைதான்.

இது புழுவைத் தொட்டதும் கொல்லாது. மருந்தேறிய மரத்தைத் தின்னும்போதுதான் சாகும். அதனால் பூசிய பிறகும் சில மாதம் பொடி விழலாம், பயப்பட வேண்டாம். தண்ணீரில் கரைந்த மருந்து என்பதால் பாலிஷைத் தாண்டி உள்ளே போகாது. வச்சிரம் தண்ணீரில் இளகும், ஆகவே மூட்டுகளிலும் மெல்லிய தகடாக மரம் ஒட்டிய பரப்பிலும் பூசவே கூடாது. குழந்தைகள், கர்ப்பிணிகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. கலக்கிய பாத்திரம் மறுபடி சமையலறைக்கு வரக் கூடாது.

ஓட்டைக்குள் ஊசி

பாலிஷ் போட்ட முன்பக்கத்தில் பூச்சி இருந்தால், பெயின்ட் கடையில் மரத்துக்கென்றே விற்கும் எண்ணெய் வகை மருந்தைச் சிரிஞ்சால் ஓட்டைக்குள் செலுத்த வேண்டும். இதில் கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். உள்ளே சுரங்கங்கள் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கும். இந்த ஓட்டையில் அழுத்தினால் மருந்து நாலு விரல் தள்ளி வேறொரு ஓட்டையிலிருந்து நேராக முகத்தில் பீய்ச்சும். எனக்குக் கன்னத்தில் பட்டது, ஒரு நாள் முழுக்க எரிந்தது. மெதுவாக அழுத்துங்கள், வழிவதை உடனே துணியால் ஒற்றுங்கள். முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு விட்டுப் பாலிஷ் இளகுகிறதா என்று பாருங்கள். ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், பூஜை விளக்கு எரியும் அறையில் செய்யக் கூடாது. கட்டில், தொட்டில், சாப்பாட்டு மேசை, அரிசிப் பெட்டி இவற்றுக்கு இந்த மருந்து வேண்டாம்.

மண்ணெண்ணெய் தேய்க்கச் சொல்வார்கள். அது ஆவியாகிப் போய்விடும், மரத்தில் நின்று காக்காது, தீ ஆபத்தும் உண்டு. முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய்க்கு நம் பக்கத்தில் நல்ல பெயர். படகுக்கும் வெளிவாசல் கட்டைக்கும் அது சரி. மரத்தைக் கறுப்பாக்கிவிடும், கையில் பட்டால் தோல் புண்ணாகும். பாலிஷ் போட்ட பழைய சாமான் பக்கம் அதைக் கொண்டுவராதீர்கள்.

உலர்மரக் கரையான் பெரிய அலமாரி முழுக்கப் பரவியிருந்தால் வீட்டு வைத்தியம் போதாது. உரிமம் உள்ளவர்களிடம் கொடுத்து, மூடிய கூடாரத்தில் நச்சுவாயு ஏற்ற வேண்டியதுதான். பாஸ்பீன் வாயு என்றால் பித்தளைக் கைப்பிடி, செம்புப் பூண் எல்லாவற்றையும் முதலில் கழற்றிவிடச் சொல்லுங்கள். அந்த வாயு அவற்றை அரித்துக் கறுப்பாக்கும். நெல் மூட்டைக்கு வைக்கும் மாத்திரையை வாங்கி வந்து பூட்டிய அறையில் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவே கேட்காதீர்கள். அதிலிருந்து வருவதும் அதே பாஸ்பீன்தான். பக்கத்து அறையில் தூங்குகிறவர்களைக்கூடக் கொல்லும்.

மழைக்காலமும் வெறும் மரமும்

பூச்சிக்கு ஈரம் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் சுவர்கள் தண்ணீரைக் குடித்து நிற்கும். அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு கை அகலமாவது தள்ளி வையுங்கள். கால்களுக்கு அடியில் கருங்கல் துண்டு வைத்தால், தரை துடைக்கும் தண்ணீர் காலின் அடிமரத்தில் ஏறாது. நான் பார்த்த உளுத்த கால்களில் பாதிக்கு மேல் இந்தத் துடைப்புத் தண்ணீரால் கெட்டவை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் எங்கள் தெரு வீடுகளுக்குள் தண்ணீர் வந்தபோது, கல் மேல் நின்ற சாமான்கள் தப்பின.

பாலிஷும் மெழுகும் பூசிய பரப்பில் நுண்துளை மூடிவிடுவதால் வண்டால் முட்டையிட முடியாது. முகப்பை மட்டும் பளபளக்க வைத்துவிட்டுப் பின்பக்கத்தையும் டிராயரின் அடியையும் வெறுமனே விட்டால் அவ்வளவும் வாசல்தான். மருந்து காய்ந்தபின் அந்த வெறும் பரப்புகளுக்கும் இரண்டு கை அரக்குப் பாலிஷ் கொடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது

காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கினாலும் பழைய சாமான் கடையில் வாங்கினாலும், கவிழ்த்துப் பார்க்க விடாத பொருளை வாங்காதீர்கள். பழசு என்று காட்ட ஓட்டை போட்டு விற்பதும் உண்டு. மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். டிரில் போட்ட ஓட்டையில் கம்பி நேராக இறங்கும். வண்டு போட்ட வழி உள்ளே வளைந்து திரும்பும், கம்பி சீக்கிரம் முட்டி நிற்கும். புதிதாக மெழுகோ புட்டியோ அடைத்த ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தால் விற்பவரிடம் கேளுங்கள், என்ன வைத்தியம் செய்தீர்கள், எப்போது செய்தீர்கள் என்று. பழுதுக்குப் புது மரம் சேர்த்திருந்தால் அது என்ன மரம் என்றும் கேளுங்கள். அந்தக் காலத்தில் அறுத்த கட்டையை மாதக்கணக்கில் குளத்தில் ஊறப்போட்டு, மாவுச்சத்து கரைந்த பிறகே வேலைக்கு எடுத்தார்கள். இப்போது சேர்க்கும் பலகைக்கு அந்தப் பக்குவம் கிடைப்பதில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கூடத்தில் வைக்காமல் தனி இடத்தில், கறுப்புக் காகிதத்தின் மேல், அதே ஆறு வாரம்.

ஓட்டையை அடைப்பது கடைசியில்

எல்லோரும் முதலில் செய்ய ஆசைப்படுவது இதைத்தான். வைத்தியம் முடிந்து ஒரு வருஷம், நடுவில் ஒரு மழைக்காலம் கழியட்டும். அடைத்துவிட்டால் எது புது ஓட்டை, எது பழசு என்று தெரியாமல் போகும். அதற்கப்புறம் தேன்மெழுகில் மரத்தின் நிறத்துக்கு ஏற்ற காவிப்பொடி கலந்து, இளஞ்சூட்டில் ஓட்டையில் தேய்த்து, பழைய பருத்தித் துணியால் மெருகேற்றினால் போதும்.

எங்கள் அலமாரியின் இடது கதவின் உட்பக்கம் ஒரு கணக்கு எழுதி வருகிறேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேதி, அதற்கு நேரே ஓட்டைகளின் எண்ணிக்கை. பின்பலகையை மாற்றிய நாளில் எழுதியது 41. கடைசியாக எண்ணியபோதும் 41.